படக் கணக்கு

வைகாசி 5, 2025, திங்கள்

இண்டைக்கு கிளினிக். விடிய ஐஞ்சரைக்கே போய் நம்பர் எடுத்தும் கூப்பிடேக்க பதினொண்டே முக்கால். டொக்டர் புதுசு, பழையவர் மாற்றலாகிப் போட்டாராம். கொப்பியை முன்னுக்கிருந்து பின்னுக்குப் பிரட்டி, திருப்பிப் பின்னுக்கிருந்து முன்னுக்கு வந்து, "வயித்துக்கு ஒரு சிடி ஸ்கான் எடுத்துப் பாப்பம் பிள்ளை" எண்டார். ஒரு மாசமா வலப்பக்கம் அடிவயித்தில குத்து, சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில வயிறு ஊதிக் கடாமுடா எண்டு சத்தம், அதுக்குத்தான். சிடி எண்டா எக்ஸ்ரே கதிரைச் சுத்தவிட்டு எடுக்கிற படம், எடுக்கிற ஒவ்வொரு தரமும் உடம்பில கதிர் படும். நான் "இது எத்தினையாவது சிடி டொக்டர்?" எண்டு கேட்டுப்போட்டன். வேணுமெண்டு கேக்கேல்ல, வாயில வந்துட்டுது. அவருக்கும் தெரியேல்ல எனக்கும் தெரியேல்ல. இது நாலாவது கொப்பி, மற்ற மூண்டும் வீட்டில. "அவசரமில்லை, எண்ணிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாங்கோ" எண்டார். பதின்மூண்டு வருசத்தில அப்பிடிச் சொன்ன முதல் ஆள்.

வைகாசி 6

டியூசன் முடிஞ்சு வந்து அலுமாரிக்கு மேல ஏறி எல்லாத்தையும் இறக்கினன். ஒரு பெரிய மஞ்சள் உறைக்குள்ள கரப்பான் முட்டை. படங்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்குது, உரிக்கேக்க சர்ர் எண்டு கேக்கும். ஒண்டை ஜன்னல் வெளிச்சத்தில பிடிச்சன், என்ர இடுப்பெலும்பு, அதுக்கு நடுவில வெள்ளைக் கயிறு மாதிரி பேரியம் போன குடல், கடைசியில நூல் கணக்கா ஒடுங்கிப் போய்க் கிடக்குது. அண்டைக்கு எக்ஸ்ரேயில குடல் தெரியவெண்டு ஒரு கப் நிறைய பேரியம் குடிச்சது இப்பவும் நாக்கில இருக்கு, ஸ்ட்ரோபரி வாசம் போட்ட சோக்குத்தண்ணி.

2012, எனக்கு 19 வயசு. முதல்ல குடல் டிபி எண்டவை. எங்கட பக்கத்து நாடுகள்ல இது வழமை, சிறுகுடல் முடியிற இடத்தில டிபி வந்தாலும், குடல் நாள்பட்டு அழற்சியாகிற குரோன்ஸ் வந்தாலும், உள்ளுக்கு விட்டுப் பாக்கிற கமராவில ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும், டிபியை விட்டா ஆபத்து எண்டு குளிசையைத் துவங்கிடுவினம். ஆறு மாசம் சிறுநீர் பன்டா கலர்ல போச்சு. சுகம் வரேல்ல. பிறகுதான் குரோன்ஸ் எண்ட பேர். நியூயோர்க்கில பரில் குரோன் எண்ட டொக்டரும் கூட ரெண்டு பேரும் 1932ல எழுதினதாலதான் அந்தப் பேராம்.

கணக்கு: சிடி 5. பேரியம் 1. வயித்து எக்ஸ்ரே 7. நெஞ்சுப்படம் 6.

சிடி ஐஞ்சில ரெண்டு 2018ல, மூண்டு கிழமை இடைவெளியில. முதல் எடுத்த இடத்தில படத்தைப் பதிஞ்சு தந்த தட்டு ரெண்டாவது இடத்துக் கொம்பியூட்டர்ல திறக்கேல்ல. "இஞ்சத்தைப் படம்தான் எங்களுக்கு வேணும்" எண்டு திரும்ப எடுத்தவை. திறக்காத ஒரு தட்டுக்காக. அண்டைக்கு நான் காசைப் பற்றித்தான் கவலைப்பட்டனான்.

வைகாசி 8

கூட்டாளியின்ர அண்ணை ரேடியோகிராபர், எக்ஸ்ரே, சிடி எல்லாம் எடுக்கிறவர். தட்டுகளை எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்குப் போனன். வேலையால அப்பதான் வந்திருந்தார், சேட்டில ஒரு சின்ன பேட்ஜ் குத்தினபடி, கழட்ட மறந்துட்டார். "உது என்ன அண்ணை?" எண்டன். தன்ர உடம்பில எவ்வளவு கதிர் படுது எண்டு பாக்கிற பேட்ஜாம், அதை அனுப்பி அளப்பினமாம். அவை மாதிரி வேலை செய்யிற ஆக்களுக்கு உலக அளவில சொல்லியிருக்கிற எல்லை வருசம் 20 மில்லிசீவேர்ட், ஐஞ்சு வருசச் சராசரியா. உடம்பு வாங்கிற கதிரை அளக்கிற அலகுதான் மில்லிசீவேர்ட். அப்ப எனக்கு எவ்வளவு எல்லை எண்டு கேட்டன். சிரிச்சார். "நோயாளிக்கு எல்லை இல்லை தங்கச்சி, தேவையெண்டா எடுக்கத்தானே வேணும், எல்லை போட்டா ஒருநாள் இரவு அடைப்போட வாற ஆளுக்கு என்ன செய்யிறது?" அது நியாயம்தான். ஆனா படம் எடுக்கிற அறைக்கு வெளியில நிக்கிறவருக்கு பேட்ஜ், மெசினுக்குள்ள படுக்கிற எனக்கு ஒண்டுமில்லை, எல்லை வேண்டாம், எண்ணிக்கை கூடவா வேண்டாம்?

தட்டைப் போட்டு கடைசிப் படத்துக்குப் போனார், அதில ஒரு சின்ன அட்டவணை. அதில டிஎல்பி எண்டு ஒரு இலக்கம், அந்த ஸ்கானில மெசின் விட்ட மொத்தக் கதிரின்ர அளவு, வயிறும் இடுப்பும் எண்டா அதை 0.015 ஆல பெருக்கினா மில்லிசீவேர்ட் வரும். ஏழு வருசமா வீட்டில கிடந்த தட்டு, ஓஎல் கணக்கு வாத்திச்சி நான், இப்பதான் பாக்கிறன். 2018 முதலாவது: 1030, அதாவது 15.5, மருந்து ஏத்த முதலும் பிறகும் எண்டு ரெண்டு தரம் சுத்தியிருக்கு. ரெண்டாவது: 520, எட்டுக்குக் கிட்ட. 2022ல எடுத்தது: 560, 8.4. தட்டில்லாத ரெண்டுக்கும் எட்டெட்டு வச்சம். பேரியம் ஐஞ்சு, வயித்து எக்ஸ்ரே ஒண்டுக்கு 0.7, நெஞ்சுப்படம் 0.1.

கூட்டினா 58.

இயற்கையா மண், காத்து, சாப்பாட்டால வாறது உலகச் சராசரி வருசத்துக்கு 2.4. 32 வயசுக்குள்ள 24 வருசத்தை மேலதிகமா வாங்கி வச்சிருக்கிறன்.

"பயப்படாதேங்கோ" எண்டு ரெண்டு தரம் சொன்னார். 10 மில்லிசீவேர்டுக்கு கான்சரால சாகிற சந்தர்ப்பம் 2000த்தில ஒண்டு கூடலாம் எண்டுறது அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எப்.டி.ஏ சொல்லுற மதிப்பு. அது பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில தப்பின ஆக்களின்ர தரவிலிருந்து சின்ன அளவுக்கு இறக்கிப் பாத்த கணக்கு. எனக்கு அப்ப ஆயிரத்தில மூண்டு. அமெரிக்காவில எப்பிடியும் ஆயிரத்தில 200 பேர் அளவில கான்சராலதான் போகினம், அதோட மூண்டு. பெரிசில்லை. ஆனா இளம் வயசில பட்டா கொஞ்சம் கூட, எனக்கு இன்னும் எத்தினை வருசம் இந்தக் குடலோட?

வைகாசி 9

டொக்டர் என்ர தாளைப் பாத்துட்டு கண்ணாடியைக் கழட்டினார். அயர்லாந்தில கோர்க் நகரத்து டொக்டர்மார் 409 குரோன்ஸ் நோயாளியளின்ர பழைய படமெல்லாம் எண்ணி 2008ல எழுதினவையாம், நூறில பதினைஞ்சு பேருக்கு மேல 75 மில்லிசீவேர்ட் தாண்டியிருந்தவை, முக்கால்வாசிக்கு மேல சிடியாலதான். "நீர் 58" எண்டார். பிறகு சிடியை வெட்டி எழுதினார்: முதல்ல மலத்தில குடல் அழற்சியைக் காட்டுற கல்ப்ரொடெக்ரின், பிறகு குடலுக்கு அல்ட்ராசவுண்ட், அதுக்குப் பிறகு எம்ஆர்ஐ. கடைசி ரெண்டும் ஒண்டு ஒலியால, மற்றது காந்தத்தால எடுக்கிற படம், ரெண்டிலயும் கதிரில்லை. "ஆனா இரவில சத்தியோட வயிறு கல்லு மாதிரி ஆனா, சிடி வேண்டாம் எண்டு ஆஸ்பத்திரியில சண்டை பிடிக்கக் கூடாது." தலையாட்டினன். 2016ல அப்பிடித்தான், அந்த ஒரு சிடியைப் பாத்துத்தான் விடியமுதல் வயித்தைத் திறந்தவை. அந்த எட்டை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டன்.

வைகாசி 12

வெசாக் லீவு. அம்மம்மாவுக்கு கதிர்வீச்சை விளங்கப்படுத்தப் போய் "கதிர்காமத்துக்கு நேத்தி வச்சனியோ?" எண்டதோட விட்டுட்டன். அம்மாவுக்கு வேற கவலை. கலியாணம் பேசி வாற இடத்தில உந்த 58ஐ வாய் திறக்க வேண்டாமாம். குரோன்ஸ் எண்டதையே இன்னும் "அல்சர்" எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறா.

வைகாசி 20

கல்ப்ரொடெக்ரின் அளவு கூடிக் கிடக்கு. அல்ட்ராசவுண்ட்ல குடல் சுவர் 6 மில்லிமீற்றராம், மூண்டுக்குள்ள இருக்கவேணும். ஜெல் குளிர்ந்தது தவிர ஒரு கரைச்சலும் இல்லை. இதைப் பதின்மூண்டு வருசத்தில ஒருத்தரும் சொல்லேல்லயே. குடலை அப்பிடிப் பாக்கப் பழகின ஆக்கள் குறைவு எண்டுதான் காரணம், மெசின் எல்லா இடத்திலயும் இருக்கு.

ஆனி 3

இரவு பஸ்சில கொழும்பு, வெள்ளவத்தை சித்தி வீட்டில முகம் கழுவிட்டு நேர எம்ஆர்ஐ. மானிற்றோல் கலந்த தண்ணி ஒண்டரை லீற்றர் முக்கால் மணித்தியாலத்தில குடிச்சு முடிக்கவேணும், இனிப்பும் வழுக்கலும், கடைசிக் கப்போட ஓடவேண்டி வந்துது. குடல் அசையாமல் இருக்க ஊசி. அம்மா கட்டின தாயத்தைக் கழட்டச் சொல்லிட்டினம், செப்புக் குழல். உள்ளுக்குத் தகரக் கூரையில தேங்காய் விழுற சத்தம், "மூச்சை எடுங்க, பிடிங்க" எண்டு முப்பது நாப்பது தரம். சிடி ஐஞ்சு நிமிசத்தில முடியும். இது முக்கால் மணித்தியாலம்.

ஆனி 9

ஒடுங்கின இடம் ஆறு சென்ரிமீற்றர், இன்னும் அழற்சி இருக்கிறதால மருந்துக்கு இடமிருக்காம், கத்தி இப்ப வேண்டாம். ஊசி மருந்து துவங்கப் போகினம்.

ஐஞ்சாவது கிளினிக் கொப்பி வாங்கிட்டன். முதல் பக்கத்தில அடிமட்டத்தால கோடு போட்டு திகதி, என்ன படம், ஏன், எவ்வளவு எண்டு நாலு நிரல். கடைசி வரியில எம்ஆர்ஐ, எவ்வளவு எண்ட இடத்தில 0 போட்டன். பின்னேரம் பாத்தா அம்மா அதுக்குப் பக்கத்தில பென்சிலால ரூபாக் கணக்கை எழுதி வச்சிருக்கிறா, ஒரு பூச்சியமும் விடாமல்.