கிளாக் மாஸ்டர் ஆம்ப் சிப்: சத்தமே வராதபோது எங்கே தேடினேன்

டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர் சிப்பை வழக்கமாக ஸ்லேவாகத்தான் (கிளாக்கை வெளியிலிருந்து பெறும் பக்கமாக) ஓட்டுவோம். ஒவ்வொரு பிட்டுக்கும் துடிக்கும் பிட் கிளாக்கும், இடது வலது சாம்பிளைப் பிரிக்கும் எல்ஆர் கிளாக்கும் பிராசஸரிலிருந்து வரும், சிப் அதைப் பின்தொடரும். என் போர்டில் இதை மாற்றினேன். பிராசஸருக்குள் கிளாக்கை உருவாக்கும் பிஎல்எல் சுற்றால் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தைத் துல்லியமாகத் தர முடியவில்லை. அதனால் 12.288 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்றை ஆம்ப் சிப்புக்கு அருகில் வைத்து, சிப்பையே மாஸ்டராக்கினேன், அதாவது கிளாக்கைத் தரும் பக்கமாக. 12.288ஐ 256ஆல் வகுத்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 4ஆல் வகுத்தால் 3.072 மெகாஹெர்ட்ஸ் பிட் கிளாக். கணக்கில் மிச்சமே இல்லை. ஆனால் ஸ்பீக்கரில் துளிச் சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் என் வேலையைப் பாதியாகக் குறைத்தது. பாட்டை ஓடவிட்டு, அது நகர்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பிராசஸர் ஸ்லேவாக இருக்கும்போது, வெளியிலிருந்து கிளாக் வந்தால்தான் டிஎம்ஏ (மெமரியிலிருந்து ஆடியோவை எடுத்துத் தரும் பகுதி) அடுத்த சாம்பிளை எடுக்கும். பாட்டு நேரம் ஓடிக்கொண்டே இருந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் கிளாக் வருகிறது. மியூட், வால்யூம் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் அமைப்புகளை எழுதும் இடம்), ஸ்பீக்கர் பக்கம் தேட வேண்டும். எனக்கோ பாட்டு தொடங்கிய இடத்திலேயே நின்றது, கொஞ்ச நேரம் கழித்து ஏபிளே (லினக்ஸில் பாட்டை ஓட்டும் கட்டளை) இன்புட் அவுட்புட் எரர் சொல்லி வெளியேறியது. ஆக, கிளாக்கே பிராசஸருக்கு வந்து சேரவில்லை. ஸ்பீக்கர் ஒயரைத் தொடவே தேவையில்லை.

சப்ளை சரி. ரெஜிஸ்டர்களை எழுதப் படிக்க உதவும் ஐ2சி ஒயர்களில் சிப் பதில் சொன்னது. மாஸ்டர் பிட்டும் ரெஜிஸ்டரில் பதிவாகியிருந்தது. போர்டின் அமைப்பை லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் பிட் கிளாக், ஃப்ரேம் கிளாக் (எல்ஆர் கிளாக்தான்) இரண்டுக்கும் ஆம்ப்தான் மாஸ்டர் என்று இருந்தது, பிராசஸர் பின்களும் இன்புட்டாகவே இருந்தன. இந்தப் பின்களைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒயரை ஓட்டினால் ஆசிலாஸ்கோப்பில் அரைகுறை வோல்டேஜ் தெரியும், பின்களுக்கும் கேடு. இரண்டு பக்கமும் ஸ்லேவாக இருந்தால் நேர்கோடுதான்.

என் ஸ்கோப்பில் பிட் கிளாக் ஒயரில் தெரிந்ததும் நேர்கோடுதான். ஆனால் ஆசிலேட்டர் பின்னில் 12.288 அழகாக ஓடிக்கொண்டிருந்தது! (இதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். நொடிக்கு 24 மெகா சாம்பிள் எடுக்கும் மலிவான லாஜிக் அனலைசரை இங்கே நம்ப முடியாது. 12.288இன் இரு மடங்கே 24.576.) கிளாக் உள்ளே போகிறது, வெளியே ஏன் வரவில்லை? சிப்பின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தால், சிப்பின் பிஎல்எல் லாக் ஆகவில்லை (உள்ளே வரும் கிளாக்கோடு இசைந்து நிலைகொள்ளவில்லை) என்ற பிழை பிட் எழுந்து நின்றது.

ஸ்கோப்பின் ஒரு சேனலை ஐ2சியிலும் மற்றதை ஆசிலேட்டரிலும் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிப்போடு வந்த டிரைவர் ஸ்லேவ் பயன்பாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதலில் ரெஜிஸ்டர்களை எழுதும், பிஎல்எல்லைத் தொடங்கச் சொல்லும், கடைசியில் பாட்டு ஆரம்பிக்கும் தருணத்தில்தான் ஆசிலேட்டரின் எனேபிள் பின்னை உயர்த்தும். அதற்குள் பிஎல்எல் கிளாக் இல்லாமல் முயன்று தோற்றிருக்கும். என் சிப் அந்தப் பிழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாமாக அழிக்கும்வரை அவுட்புட்டை மூடியே வைக்கும். பின்னால் கிளாக் வந்தாலும் அது மறுபடி முயலாது.

வரிசையை மாற்றினேன். முதலில் ஆசிலேட்டர், அது நிலைப்பட சில மில்லிசெகண்ட், பிறகு ரீசெட்டை விடுவது, அப்புறம் ரெஜிஸ்டர்கள், லாக் பிட்டைப் படித்து உறுதி செய்தபின் மியூட்டை எடுப்பது. பாட்டு முடிந்தாலும் ஆசிலேட்டரை அணைப்பதில்லை. பிட் கிளாக் 3.072இல் எழுந்தது, பாட்டு நகர்ந்தது, சத்தமும் வந்தது. ஸ்கோப்பில் அந்த அலையைப் பார்த்த சந்தோஷம் பாட்டைக் கேட்டதைவிட அதிகம்.

இன்னொன்றும் காத்திருந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுகள் சுமார் 9 சதவீதம் வேகமாக, சுருதி ஏறி ஒலித்தன. 12.288ஐ வைத்துக்கொண்டு 44.1ஐ நேராக வகுத்து எடுக்க முடியாது, அதற்கு 11.2896 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் தனியாக வேண்டும். போர்டில் இடமில்லை. அதனால் டிரைவர் 48ஐ மட்டுமே ஏற்கும்படி செய்து, மற்றதையெல்லாம் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் மென்பொருள் ரீசாம்பிளிங்கிடம் (சாம்பிள் வேகத்தை மாற்றும் வேலையிடம்) விட்டேன்.