ஆடித் தள்ளுபடியும் நாலு ஸ்டூலும்

2024 ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டாம் நாள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தது, இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் ஷட்டர் இறங்கியது. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், டீக்குப் பத்து. மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. காலை மீட்டிங் முடிவில் மேனேஜர் வழக்கம்போல "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா" என்றார். அது கேள்வி இல்லை, கலைந்து போங்கள் என்று அர்த்தம், எட்டு வருஷமாக எனக்கும் தெரியும், இருந்தும் இன்று வாய் சும்மா இருக்கவில்லை. "சார், கூட்டம் இல்லாத நேரத்துல உட்கார ஃப்ளோருக்கு நாலு ஸ்டூல் போட்டா நல்லாருக்கும். சட்டமே இருக்கு சார்."

சட்டம் என்ற சொல்லை விட்டிருக்கலாம். வெறும் ஸ்டூல் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

ஜூலை 19, வெள்ளி

பில்லிங் பிள்ளை ரகசியமாகக் கேட்டாள், நிஜமாகவே அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று. இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்றே வேலை பார்த்த பெண்கள் போராடி, கேரளாவில் 2018இல் வந்தது. நம் சட்டசபையில் 2021 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு இருக்கை போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த "வாய்ப்புக் கிடைத்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவில் ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார், கை சும்மா இருந்தால் உடனே இன்டர்காம் அடிக்கும், மடித்த புடவையையே இன்னொரு தடவை மடிக்கச் சொல்லி.

இதில் வேடிக்கை, ஸ்டூல் கடையிலேயே இருக்கிறது. குடோன் மூலையில் நீல பிளாஸ்டிக் ஸ்டூல், ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் உள்பாவாடை பண்டல். விலை ஸ்டிக்கர்கூட இன்னும் கிழிக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

கேபினுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை, டீ சொன்னார். "என் தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொல்றேன்மா. எதுவா இருந்தாலும் தனியா வந்து சொல்லு, எல்லார் முன்னாடியும் வேணாம். கடை நம்ம குடும்பம் மாதிரி." சரி சார் என்றேன். லேடீஸ் டாய்லெட்டில் தாழ்ப்பாள் இல்லை என்று மார்ச் மாதம் தனியாகத்தான் வந்து சொன்னேன். இன்றைக்கும் உள்ளே போனால் ஒரு காலை நீட்டிக் கதவை அழுத்திக்கொண்டுதான். எல்லார் முன்னாடியும் சொன்னதற்கு ஒரு டீயாவது கிடைத்தது.

ஜூலை 25, வியாழன்

பட்டிலிருந்து போர்வை, துண்டு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பேர் ரொட்டேஷன். எட்டு வருஷத்தில் ரொட்டேஷன் ஆனது நான் ஒருத்திதான். பட்டில் முகூர்த்த மாசமென்றால் இன்சென்டிவ் இரண்டாயிரத்துக்கு மேல் வரும், போர்வையில் தலைகீழாக நின்றாலும் முந்நூறு தாண்டாது.

ஜூலை 28, ஞாயிறு

நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக "வரேன்" என்று எழுந்துவிட்டார்கள். பட்டு செக்‌ஷன் அக்கா மட்டும் இருந்தார். அவர் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும், சாயங்காலமானால் செருப்பு கொள்ளாது. அவரை மனதில் வைத்துத்தான் ஸ்டூல் கேட்டேன். அவரோ, "ஏன்டி உனக்கு இந்த வேலை, உன்னால எங்க எல்லாரையும்ல கேமராவுல பாக்குறாங்க" என்றார். எனக்குக் கோபப்படத் தோன்றவில்லை. அவர் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம், ஃபீஸ் கட்ட வேண்டும்.

அப்புறம் இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் நான் என்னவோ வீராங்கனை மாதிரி ஆகிவிடும். போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று சேர்ந்தது. பத்து நிமிஷம் லேட்டுக்கு அரைநாள் சம்பளம் எப்படிப் பிடிக்கலாம் என்று சூப்பர்வைசரிடம் நேராகவே கேட்டது. "புதுசா வந்தவ, வாயை மூடிட்டு வேலையப் பழகு" என்று அதை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னது நான்தான். அதன் நல்லதுக்கென்று நினைத்துத்தான் சொன்னேன். மேனேஜரும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை வேலைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு, தலை சுற்றுகிற கூட்டம். பத்தரைக்கு ஒரு பேச்சு கிளம்பியது, தொழிலாளர் துறையிலிருந்து வருகிறார்களாம். "நீ போன் கீன் போட்டியா" என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டார். சத்தியமாக இல்லை. கால் மணி நேரத்தில் பண்டலெல்லாம் இறங்கி நாலு ஸ்டூலும் மேலே வந்துவிட்டன, ஒன்று என் செக்‌ஷனுக்கு. உட்கார்ந்தேன். துண்டு கேட்டு வந்த அம்மாவுக்காகப் பதறி எழுந்தால், "நீ இரும்மா, நானே எடுத்துக்கிறேன்" என்கிறார்.

யாரும் வரவில்லை. நாலு மணிக்குக் குடோன் பையன் ஸ்டூலைத் திரும்ப எடுக்க வந்தான். அந்த நேரம் பார்த்து பட்டு அக்கா என் இடத்துக்கு இறங்கி வந்திருந்தார், ஸ்டூலில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிசம்டா" என்றார்.

மற்ற மூன்றையும் கையில் அடுக்கிக்கொண்டு, கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பையன் நின்றான்.