எச்சில் விழுங்க மறந்த கதை

விழுங்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்ற நண்பனின் ஆராய்ச்சிக்கு ஆள் தேவைப்பட்டது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு, குறி தெரியும்போது ஒன்று நாக்கை மேலண்ணத்தில் அழுத்த வேண்டும், அல்லது எச்சிலை விழுங்க வேண்டும். இதற்கா ஒரு மணி நேரம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று மூன்று முறை கேட்டார்கள். காதுக்கு அடைப்பான், தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்சு, முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒரு காயில், அதாவது சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருள். முடியவில்லை என்றால் அமுக்க, கையில் ரப்பர் பந்து. குரல்வளை மேலேறி இறங்குவதைப் பதிவு செய்யக் கழுத்தில் ஒரு காற்றுப் பட்டை.

"தம்பி, தலை மட்டும் அசையவே கூடாது" என்றார் டெக்னீஷியன் அக்கா. ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெடுமாம். தாடையும் தொண்டையும் ஆடும்போது தலை மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? அதற்கு அவர்கள் வைத்திருந்த உபாயம் எனக்குப் பிடித்தது. விழுங்குவது ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். வேலை செய்த மூளைப் பகுதிக்குக் கூடுதல் ரத்தம் பாய்ந்து உச்சத்தைத் தொட 5, 6 விநாடி ஆகும். அசைவு ஓய்ந்த பிறகே அந்த ரத்த ஓட்டத்தின் சமிக்ஞை வருவதால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஒவ்வொரு குறிக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடுவது அதனால்தான்.

அந்த இடைவெளிதான் என்னைப் படுத்தியது. விழுங்கக் கூடாத நேரத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறும். குறி வந்ததும் வறண்டு கிடக்கும். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு விழுங்குவது எப்படி என்றே மறந்துபோனது. மல்லாந்து கிடந்தபடி புரையேறி, இருமித் தொலைத்தேன். அந்தச் சுற்று வீண். அடுத்ததில் குழாய் வழியாக நாக்கில் துளித்துளியாகத் தண்ணீர் விட்டார்கள், பிழைத்தேன். நாக்கை அழுத்துவது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு வாரம் கழித்து நண்பன் படத்தைக் காட்டினான். நாக்குக்கான இடம் மூளையின் இருபுறமும், காதுக்குச் சற்று மேலே, ஒளிர்ந்தது. விழுங்கும் இடமும் அதையொட்டித்தான், ஆனால் ஒரு பக்கம் தூக்கலாக. நான் இடதுகைக்காரன், அதனாலா என்றேன். கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மான்செஸ்டரில் ஆய்வாளர் ஷாஹீன் ஹாம்டி குழுவினர் 1996-லேயே காட்டிவிட்டார்களாம். பக்கவாதம் அந்தத் தூக்கலான பக்கத்தைத் தாக்கினால் விழுங்குவது சிரமமாகும். மறுபக்கம் மெல்ல வலுப்பெற்று வேலையை ஏற்கும்போது பலர் தேறுகிறார்கள். இவ்வளவு பாடும் அதற்காகத்தான் என்றான்.

பேசிக்கொண்டே டீ வந்தது. முதல் வாயை உறிஞ்சிவிட்டு, குறி வரட்டும் என்று காத்திருந்தேன்.