அரிசி டப்பாவிலிருந்து எடுத்த போன்: காபி கொட்டிய போனைப் பிழைக்க வைத்த அனுபவம்

பால், சர்க்கரை எல்லாம் கலந்த சூடான காபி, அரை கப் இருக்கும். போன் ஐபி68 தரம் கொண்டது, அதாவது தூசியும் நீரும் புகாமல் தாங்கும் அளவைச் சொல்லும் குறியீடு. மேலே கொட்டியதைத் துடைத்துவிட்டு, "வாட்டர் ப்ரூஃப் தானே" என்று அதன் சொந்தக்காரர் தொடர்ந்து பேசியிருக்கிறார். திரையில் கோடு விழ ஆரம்பித்ததும் அரிசி டப்பா. அங்கிருந்து எடுத்ததும் ஹேர் டிரையர், அதன் பிறகு நேராக சார்ஜர். அதோடு செத்துப்போன போன், ஒரு சர்வீஸ் சென்டரும் ஒரு ரிப்பேர் கடையும் சுற்றிவிட்டு என் மேசைக்கு வந்தது. கடைசியில் பிழைத்துவிட்டது, படங்களும் தொடர்பு எண்களும் முழுசாக வந்துவிட்டன. ஆனால் உள்ளே பார்த்த சேதத்தில் முக்கால்வாசிக்கு காபியைக் குறை சொல்ல முடியாது. பிறகு செய்த வைத்தியங்கள்தான் காரணம்.

ஐபி எண்ணை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதற்கு மேல் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். இரண்டுமே புதுப் போனைச் சுத்தமான நீரில் வைத்துச் செய்யும் சோதனை. காபி, சோப்புத் தண்ணீர், கடல் நீர் எதுவும் அந்தக் கணக்கில் வராது. ஒரு தடவை கீழே விழுந்து ஓரம் நெளிந்திருந்தாலோ, பின் கண்ணாடியை ஒரு முறை பிரித்து ஒட்டியிருந்தாலோ அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

உள்ளே போன ஈரம் மட்டும் போனைக் கொல்வதில்லை. ஈரம் இருக்கும்போது மின்சாரம் ஓடுவதுதான் கொல்கிறது. பேட்டரி கொடுப்பது சுமார் 4 வோல்ட். தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்ய, அதாவது மின்சாரத்தால் பிரிக்க, 1.23 வோல்ட்டே போதும் என்பதை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். உப்பும் தாதுக்களும் கலந்த திரவம் இரண்டு உலோகப் பின்களுக்கு (pins) நடுவே நின்றால், நேர்முனையில் உலோகம் கரைந்து எதிர்முனையில் போய்ப் படிகிறது. மணிக்கணக்கு வேண்டாம், நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும். போன் அணைந்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை சர்க்யூட் போர்டின் சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் "ஆஃப் பண்ணிட்டேனே" என்பது பாதி வைத்தியம்.

பாதி வைத்தியமாக இருந்தாலும் அதையாவது உடனே செய்ய வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தால் போன் அணையாது, ரீஸ்டார்ட் ஆகும். ஐபோனிலும் அப்படித்தான்: வால்யூம் இரண்டையும் தட்டிவிட்டுப் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மறுபடி எழுந்துகொள்ளும். பதற்றத்தில் அதைச் செய்து, ஈரத்தோடு ஒரு முழு பூட் ஓட்டிவிடுகிறார்கள். திரையில் பவர் ஆஃப் மெனுவை வரவழைத்துத்தான் அணைக்க வேண்டும். சில போன்கள் அதற்கும் முதலில் பூட்டைத் திறக்கச் சொல்லும்.

கவரைக் கழற்றுவது, சிம் டிரேயை உருவுவது, சார்ஜிங் வாய் கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுவது, இதற்கெல்லாம் ஒரு நிமிடம் போதும். உதறாதீர்கள், ஊதாதீர்கள், இரண்டுமே திரவத்தை உள்ளே தள்ளும். சிம்மைத் துடைத்து வேறு போனில் போட்டுவிட்டால் வங்கி ஓடிபியாவது வரும், பாதிப் பதற்றம் குறையும். இசிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதை மாற்றுவதற்காகவென்று ஈரப் போனை உயிர்ப்பிக்காமல், சேவை நிறுவனத்திடம் புது இசிம் கேட்டுக்கொள்வதே நல்லது.

அரிசிக்கு வருவோம். போனுக்குள் இருக்கும் ஈரம், உலோக ஷீல்டு மூடிகளுக்கு அடியிலும் சிப்புகளுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள முடியளவு இடைவெளியிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே இருக்கும் அரிசி அதை எப்படி இழுக்கும்? சும்மா மேசையில் காற்றோட்டமாக வைத்திருந்தாலும் அதே வேகத்தில்தான் காயும். இந்த போனின் சார்ஜிங் வாயில் மாவுத்தூள் பாலோடு சேர்ந்து பசையாக உறைந்து கிடந்தது. அரிசித் துகள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எச்சரிக்கிறது. சிலிக்கா ஜெல் பரவாயில்லை என்பார்கள். தண்ணீருக்குச் சரி, காபிக்கு அதுவும் வீண்தான். காபியில் தண்ணீர் போய்விடும். சர்க்கரை, பால் புரதம், தாதுக்கள் அங்கேயே இருக்கும். அந்தப் படிவம் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொண்டு மறுபடி வேலையைக் காட்டும். "காய வச்சதும் நல்லா ஓடிச்சு, ஒரு வாரத்துல செத்துடுச்சு" என்று சொல்லப்படும் போன்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

ஹேர் டிரையர் இன்னும் மோசம். திரையின் ஓரப் பசையை இளக்கி, நீராவியை கேமரா லென்ஸுக்குள் தள்ளி, பால் புரதத்தைப் போர்டோடு சேர்த்துச் சுட்டுவிடுகிறது. இந்த போனில் ஷீல்டைத் தூக்கியபோது ஓரமெல்லாம் பழுப்பு நிற ஏடு. நகத்தால் சுரண்டினால்கூட வராத அளவுக்கு இறுகியிருந்தது.

சர்வீஸ் சென்டர் கூத்தையும் சொல்லியாக வேண்டும். கவுண்டரில் இருந்தவர் சிம் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஈரம் பட்டதைக் காட்டும் சின்ன ஸ்டிக்கர் வெள்ளையிலிருந்து சிவப்பாகியிருந்தது. அவ்வளவுதான் பரிசோதனை. வாரண்டி கிடையாது, போர்டு முழுசாக மாற்ற வேண்டும், டேட்டா போய்விடும், சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். வாரண்டியே இல்லை என்று சொன்ன பிறகும் வாங்கிய பில் இல்லாமல் போனை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றதுதான் உச்சம். பில் எடுக்க ஓர் அலைச்சல், திரும்பி வந்தால் அதே பதில். டேட்டா வேண்டும் என்றால் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். போர்டை மாற்றினால் பழைய போர்டு அவர்களிடமே போய்விடும். படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைய போன்களில் சேமிப்பு என்கிரிப்ட் செய்யப்பட்டது, சாவி அதே போர்டில் இருக்கும் பிராசசரோடு கட்டப்பட்டது. அந்தப் போர்டே எழுந்தால்தான் உண்டு.

அடுத்து போன ரிப்பேர் கடை, "வாட்டர் சர்வீஸ் பண்ணியாச்சு" என்று காசு வாங்கிக்கொண்டு திருப்பித் தந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் பின் கண்ணாடியின் கருப்புப் பசை நான்கு பக்கமும் கம்பெனியில் ஒட்டியபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. சார்ஜிங் வாயில் எதையோ ஸ்ப்ரே அடித்ததோடு சரி. கடையில் கொடுக்கும்போதே ஷீல்டு தூக்கிய போர்டின் படம், கழுவுவதற்கு முன்னும் பின்னும், வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தயங்கினால் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

பிரிப்பது தெரிந்த வேலைதான். கண்ணாடி ஓரத்தை 70 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, சக்‌ஷன் கப், மெல்லிய பிளாஸ்டிக் பிக். ஸ்க்ரூக்களை மட்டும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று காகிதத்தில் படம் வரைந்து வையுங்கள். நீளமான ஸ்க்ரூ குட்டைத் துளையில் போனால் போர்டின் உள்தடத்தை அறுத்துவிடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் கருவியால் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் அதை வளைக்காமல், குத்தாமல் ஓரமாக எடுத்து வையுங்கள், மறுபடி சார்ஜில் போடவே கூடாது.

இப்போதுதான் பலரும் தவறவிடும் கட்டம். கையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கிறது என்று நேராக அதில் முக்குகிறார்கள். சர்க்கரையும் உப்பும் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆக, தண்ணீர் பட்ட போனை மறுபடி தண்ணீரிலேயே கழுவ வேண்டும். பார்ப்பவர்கள் அலறுவார்கள், விடுங்கள். பேட்டரி, கேமராக்கள், ஸ்பீக்கர், அதிர்வு மோட்டார், டிஸ்ப்ளே எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வெறும் போர்டை மட்டும் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் போட வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது தன் பங்குக்கு உப்பை விட்டுப் போகும். பால் கொழுப்புக்கு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான டூத் பிரஷ்ஷால் கனெக்டர் பின்கள் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் பின் வளையும். நீரை மாற்றி மாற்றி, நுரையும் நிறமும் போகும்வரை அலச வேண்டும். அதன் பிறகுதான் ஆல்கஹால், அதுவும் 99 சதவீதம். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான். 10 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, புது ஆல்கஹாலில் இன்னொரு முறை. ஷீல்டுகளுக்கு அடியில் தங்கிய நீரை வெளியே தள்ளுவது அதன் வேலை. பக்கத்தில் ஹீட் கன், சால்டரிங் அயர்ன், அடுப்பு எதுவும் இருக்கக்கூடாது. அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அல்ட்ராசோனிக் கிளீனர் இருந்தால் அதற்கான நீர்க் கரைசலோடு போர்டை மட்டும் வைக்கலாம், ஆனால் அதில் ஆல்கஹாலை ஊற்றிச் சூடேற்றுவது தற்கொலைக்குச் சமம். போர்டிலேயே மைக் இருந்தால் அந்தத் துளையைக் கேப்டன் (Kapton) எனப்படும் சூடு தாங்கும் டேப்பால் மூடிக்கொள்ளவும். காய்வதற்கு ஒரு ராத்திரி ஃபேன் காற்று போதும்.

காய்ந்த போர்டை உடனே பேட்டரியோடு இணைத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை கிரவுண்டிலும் கருப்பு முனையை பேட்டரி கனெக்டரின் நேர்முனையிலும் வைத்தேன். சைபரை ஒட்டிய எண் காட்டியது. அதாவது ஷார்ட், மின்சாரம் நேராக கிரவுண்டுக்கே ஓடுகிறது. பூதக்கண்ணாடியில் தேடியபோது சார்ஜிங் சிப்புக்குப் பக்கத்தில், எள்ளைவிடச் சின்ன கெப்பாசிட்டர் ஒன்று. இரு முனையிலும் பச்சைப் பொருக்கு, நடுவே ஊசி முனையளவு கருகல். சார்ஜர் செருகிய அந்த நொடியில் நடந்தது இதுதான். அதை எடுத்தவுடன் மீட்டர் 0.35-க்கு ஏறியது, ஷார்ட் போய்விட்டது. ஒரே மின்தடத்தில் இணையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் ஒன்று போனால் பெரும்பாலும் போன் கண்டுகொள்ளாது. சிப்பே ஷார்ட் ஆகியிருந்தால் கதை வேறு, அங்கே மைக்ரோ சால்டரிங் தெரிந்தவர் வேண்டும்.

4 வோல்ட் பவர் சப்ளையில் போட்டபோது, பவர் பட்டனைத் தொடாத வரை மின்னோட்டம் சைபர். அங்கே ஏதாவது கசிந்தால் நிறுத்திவிட்டு மறுபடி கழுவப் போக வேண்டியதுதான். பட்டனை அழுத்தியதும் முள் ஏறி இறங்கி ஆடியது. பூட் ஆகிறது என்பதற்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. லோகோ வந்தபோது வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. எழுந்த போன் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உத்தரவாதம் இல்லாததால் முதல் வேலை பேக்கப். பின் கண்ணாடியை ஒட்டுவது, அழகு பார்ப்பதெல்லாம் அப்புறம். அணைந்து எழுந்த போன் விரல் ரேகையை ஏற்காது, பின் நம்பரைத்தான் கேட்கும், சொந்தக்காரரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதில் டச் பாதி வேலை செய்யவில்லை. யுஎஸ்பி சாதனங்களைப் போனோடு இணைக்கும் ஓடிஜி அடாப்டரில் சாதாரண மவுஸைச் செருகியதும் திரையில் அம்புக்குறி வந்தது, அதை வைத்தே எண்களை அழுத்தித் திறந்தாயிற்று. லாகின் குறியீடுகளைத் தரும் ஆதென்டிகேட்டர் செயலியில் இருக்கும் கணக்குகளையும் அந்த நேரத்திலேயே வேறு போனுக்கு மாற்றிவிட வேண்டும், படங்களைப் பார்த்த மகிழ்ச்சியில் பலர் மறப்பது இதைத்தான்.

பழைய பேட்டரி உப்பவில்லை என்றாலும் அதன் கனெக்டரில் பச்சை ஏறியிருந்தது, புதிது போட்டேன். டிஸ்ப்ளேயும் மாறியது. திரைக்கு அடியில் ரேகை உணரி இருக்கும் போன்களில் டிஸ்ப்ளே மாற்றிய பிறகு அதை மறுபடி கேலிபிரேட் செய்ய வேண்டியிருக்கலாம். வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். புது ஒட்டுப்பசை போட்டாலும் பழைய ஐபி68 திரும்பாது, மழையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

எல்லாம் காய்ந்த பிறகும் "சார்ஜிங் போர்ட்டில் ஈரம்" என்ற எச்சரிக்கை தொடர்ந்து வந்தது. ஈரம் இல்லை; பின்களில் மிஞ்சிய படிவம்தான் போனை ஏமாற்றுகிறது. போனை அணைத்துவிட்டு ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். இதில் போகவில்லை. மறுமுனையில் இருப்பவருக்குக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. சார்ஜிங் வாயும் மைக்கும் ஒரே சப் போர்டில் இருக்கும் மாடல் என்பதால் அந்தச் சின்னப் போர்டை மாற்றியதும் இரண்டும் சேர்ந்தே தீர்ந்தது.