இரண்டு சென்னை: ஒரு கால்பந்து சீசனின் நாட்குறிப்பு

18 அக்டோபர் 2018, வியாழன். பெரம்பூர்

ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் அப்பாவின் வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. நேரு ஸ்டேடியத்து வாசலிலும் ஒன்று நசுக்கியிருக்க வேண்டும்.

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் நம்ம சென்னையின் எஃப்சி நடப்பு சாம்பியன். போன மார்ச்சில்தான் பெங்களூரை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கினோம். அதற்கு முந்தைய அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக நம்ம வியாசர்பாடி கணேஷ் தலையால் முட்டிப் போட்ட கோலை நான் இன்னும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். ஆனால் இந்த சீசனில் முதல் இரண்டு மேட்சும் தோல்வி.

இன்று எதிரே நார்த்ஈஸ்ட் யுனைடெட். ஆரம்பத்திலேயே அவர்களுடைய ரௌலின் போர்ஜெஸ் நமக்காக ஒரு சேம் சைடு கோல் போட்டுக் கொடுத்தார். தோய் சிங் இரண்டு. அரை மணி நேரத்தில் 3-1. பக்கத்து சீட்டுக்காரர் யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்தார். அப்புறம் ஓக்பெச்சே என்கிற மனிதர் ஹாட்ரிக் அடித்தார், அதுவும் பத்து நிமிட இடைவெளிக்குள். இடைவேளைக்குப் பிறகு அதே போர்ஜெஸ், இம்முறை சரியான பக்கத்தில் ஒன்று போட்டார். 3-4. கட்டிப்பிடித்தவர் எப்போது எழுந்து போனார் என்றே தெரியவில்லை.

வீட்டில் அப்பா கேட்டது ஒன்றுதான். “பொரி இருக்கு, சாப்பிடறியா?”

27 அக்டோபர் 2018, சனி. கோவை

நேற்று வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியத்துக்குப் போனேன். ஆமாம், இந்த ஊரிலும் நேரு ஸ்டேடியம்தான். ஐஎஸ்எல் இல்லை, இன்னொரு தேசிய லீகான ஐ-லீக்கின் தொடக்க ஆட்டம். சென்னை சிட்டி எஃப்சி 4, இந்தியன் ஏரோஸ் 1. மான்சி என்று ஒரு புது ஸ்ட்ரைக்கர், வந்த முதல் நாளே ஹாட்ரிக்.

பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். போன சீசனிலிருந்து இதுதான் அவர்களுக்கு ஹோம் கிரவுண்டு. வேலைக்காகச் சென்னையை விட்டு வந்து இங்கே ஒற்றை அறையில் கிடக்கிறவன் நான். எனக்கு இந்த டீம் மேல் பாசம் வராமல் இருக்குமா?

காலையில் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “ஏனுங் தம்பி, அது உங்கூர் டீமுங்களா, எங்கூர் டீமுங்களா?” என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இதே வாரம் கொல்கத்தாவில் சென்னையின் 2-1 என்று தோற்றது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

8 டிசம்பர் 2018, சனி. கோவை

சென்னையினுக்கு நவம்பரில் புனேயில் 4-2 என்று ஒரு வெற்றி வந்தது. அப்பாடா என்றிருந்தேன். அதோடு சரி.

சென்னை சிட்டி போன மாதம் கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று சாய்த்துவிட்டு வந்திருக்கிறது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். நடுவில் ஸ்பெயின்காரர்கள் பந்தைப் பொறுமையாகப் பிடித்து வைத்து ஆடுகிறார்கள். சுற்றிலும் எட்வின், ரொமாரியோ, ரெஜின், அஜித் என்று நம் பிள்ளைகள். ஸ்டாண்டில் இருந்து “டேய் அஜித்து, ஏறுடா!” என்று கத்தினால் அந்தப் பையனுக்குப் புரியும். அந்த சுகம் ஐஎஸ்எல்லில் குறைச்சல்தான்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் இந்தியன் பேங்க், ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே என்று சென்னை லீக் பார்த்து வளர்ந்த ஆள். “அப்பல்லாம் ஆபீஸ் முடிஞ்சு அப்படியே நடந்து போய் மேட்ச் பாப்போம்டா. நீ நடந்து போய் பாக்கற டீம் எதுவோ அதைப் பாரு” என்றார். சென்னையினை விட்டுவிடச் சொல்கிறாரா? அதெல்லாம் முடியாது.

9 பிப்ரவரி 2019, சனி. கோவை

ஐஎஸ்எல் டேபிளில் சென்னையின் எஃப்சி கடைசி இடம். பார்க்கவே கூசியது. சாம்பியனாக நுழைந்து கடைசியில் நிற்பதென்றால்!

ஆனாலும் பேக்கரியில் ஒரு டீ, தேங்காய் பன், மொபைலில் மேட்ச். எதிரே பெங்களூர். ஜெஜெ கோல் அடித்தார், சீசன் முழுக்க வறண்டு கிடந்த நம்ம ஜெஜெ! அப்புறம் நெல்சன் ஒன்று. சேத்ரி ஒன்றைத் திருப்பினாலும் 2-1 நமக்கே. பேக்கரிக்காரர் கிரிக்கெட் என்று நினைத்து “யாருங் அவுட்?” என்றார்.

28 பிப்ரவரி 2019, வியாழன். கோவை

சென்னையின் எஃப்சிக்கு லீக் முடிந்தது. 18 மேட்ச், 2 வெற்றி, 9 பாயிண்ட், பத்தாவது இடம். எழுத இஷ்டமில்லை.

9 மார்ச் 2019, சனி. கோவை

கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

ஐ-லீக்கின் கடைசி நாள். நாம், அதாவது சென்னை சிட்டி, 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 39. இங்கே மினர்வா பஞ்சாபோடு நாம், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு அவர்கள். இரண்டும் ஒரே நேரம், மாலை 5 மணி. நாம் ஜெயித்தால் மற்றதைப் பற்றிக் கவலையே இல்லை.

செக்யூரிட்டி அண்ணன் மகனோடு வந்திருந்தார். உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள், மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல். ஸ்டேடியமே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. இடைவேளை வரை 0-1. “போச்சாட்டம் இருக்குதுங் தம்பி” என்றார் அண்ணன். நான் ஒரு கண்ணை கிரவுண்டிலும் இன்னொன்றைக் கோழிக்கோடு ஸ்கோரிலும் வைத்திருந்தேன். அங்கே இன்னும் கோல் இல்லை.

56-வது நிமிடம், பெனால்டி. மான்சி பந்தை வைத்தபோது அண்ணனின் மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே. சீசனில் மான்சிக்கு 21-வது கோல். 69-வது நிமிடத்தில் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், எங்கிருந்து அங்கே வந்தாரோ, 2-1. கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்.

அத்தோடு நிம்மதியாக விட்டார்களா? ஈஸ்ட் பெங்கால் பதிலுக்கு ஒன்று, உடனே இன்னொன்று. இனி இங்கே ஒரு கோல் வாங்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கடைசிப் பத்து நிமிடம் நான் கிரவுண்டைப் பார்க்கவே இல்லை, கடலைத் தோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடுதல் நேரத்தில் மறுபடியும் போரா. 3-1. நமக்கு 43, அவர்களுக்கு 42.

தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக் ஜெயிப்பது இதுதான் முதல்முறை. அப்பாவுக்கு போன் போட்டேன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “தெரியும்டா, தெரியும்டா” என்று மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது.

13 மார்ச் 2019, புதன்

ஆசிய கிளப்புகள் ஆடும் ஏஎஃப்சி கோப்பை. கொழும்பு எஃப்சியை சென்னையின் 1-0 என்று ஜெயித்தது, ஜெஜெதான். நமக்கு ஹோம் மேட்ச். நடந்த இடம் அகமதாபாத்!

ஆக, ஒரு சென்னைக்கு வீடு கோவையில், இன்னொரு சென்னைக்கு வீடு குஜராத்தில். எனக்கு பீளமேட்டில்.

10 ஏப்ரல் 2019, புதன். கோவை

புவனேஸ்வரில் ஐஎஸ்எல் டீம்களும் ஐ-லீக் டீம்களும் மோதும் சூப்பர் கோப்பை. ஐ-லீக் டீம்கள் பல வரமாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டன. சென்னை சிட்டி போனது, ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரையே காலிறுதியில் வெளியேற்றியது. மறுபக்கத்தில் நம்ம கடைசி இடத்து சென்னையின் எப்படியோ உயிர்த்தெழுந்து அதுவும் அரையிறுதிக்கு வந்துவிட்டது.

சென்னைக்கும் சென்னைக்கும் ஃபைனல்! ஒரு வாரமாக இதே நினைப்பு. யாருக்குக் கத்துவது என்று ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை.

இரண்டு அரையிறுதியும் முடிந்தன. சென்னையின் 2, ஏடிகே 0. வினீத், தாபா. ஆனால் கோவா 3, சென்னை சிட்டி 0. அவ்வளவுதான், அந்தக் குழப்பத்துக்குக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

13 ஏப்ரல் 2019, சனி. பெரம்பூர்

நாளை சித்திரை ஒன்று. காலையில் சேரனில் வந்து இறங்கினேன்.

சூப்பர் கோப்பை ஃபைனல், அப்பாவும் நானும் டிவி முன்னால். கோவா ஒன்று, ரஃபேல் அகஸ்டோ உடனே பதிலுக்கு ஒன்று, பிறகு பிராண்டன். 1-2. ஒரே வாரத்தில் இரண்டு சென்னையையும் கோவாவே முடித்துவிட்டது.

“இவனுங்களுக்கு நம்ம மேல என்னடா பகை?” என்றார் அப்பா. பிறகு அவரே, “2015 ஃபைனல்ல அவனுங்க ஊர்லயே கடைசி நிமிஷத்துல ரெண்டு போட்டு கப்பைத் தூக்கிட்டு வந்தோமே, அதுக்கு வட்டி” என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார்.

கோவையிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். “தம்பி, நம்ம ரெண்டு டீமையும் ஒருத்தனே சோலிய முடிச்சுட்டானுங்களே!”

நம்ம ரெண்டு டீம். இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். சமையலறையிலிருந்து அம்மா, பச்சடிக்கு வேப்பம்பூ இல்லை, விடிந்ததும் பறித்துக்கொண்டு வா என்கிறாள்.