சோறு உண்ணாம ஊசி போடக்கூடாது

"நீங்கதான கண்ணு சொன்னீங்க, சோறு உண்ணாம ஊசி போடக்கூடாதுன்னு."

சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற ஒரு அம்மா. இதைச் சொன்னபோது அவர் குரலில் என்மேல் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளைக்கு இருக்குமே ஒரு பெருமை, அதுதான் இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்கும். பதினோரு வருஷமாக மெடிக்கல் வார்டில் நர்ஸாக நிற்கிறவளுக்குத் திட்டு புதிதில்லை. இதற்குத்தான் பதில் இல்லை.

நாலு நாள் காய்ச்சல், வாந்தி. மகன் டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். சுகர் மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. எங்கள் மீட்டரில் அப்படி வந்தால் 600-க்கு மேல் என்று அர்த்தம். யூரினில் அசிட்டோன், இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பைக் கரைப்பதற்கு அடையாளம். மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் போனாலே பழம் அழுகின மாதிரி வாசனை. டாக்டர் வருவதற்குள் இரண்டு கையிலும் ஊசி போட்டு ட்ரிப்ஸ் ஓடவிட்டோம், பிறகு இன்சுலின், பொட்டாசியம், மணிக்கொரு தடவை சுகர் என்று அந்த ராத்திரி போனது. பிழைத்துக்கொண்டார். அதைப் பற்றி எழுத வரவில்லை.

மறுநாள் மதியம் தெளிவாகப் பேசினார். ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டேன். கேட்ட விதத்தில் கொஞ்சம் அதட்டல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் இதே வார்டில் அவருக்கு டிஸ்சார்ஜ் சொன்னது நான்தான். காலையில் 20 யூனிட், ராத்திரி 10, வேகமாக வேலை செய்வதும் மெதுவாகச் செய்வதும் கலந்து கலங்கலாக இருக்கிற 30/70 இன்சுலின். குப்பியைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான், மெடிக்கல் ஷாப்பில் மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சு கொடுத்தால் வாங்கக்கூடாது, அதில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் உடம்புக்குள் போவது வெறும் 8 என்றும் சொன்னேன். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றார். குப்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, ஈர மணல் போட்ட பானைக்குள் வைக்கச் சொன்னேன். தொப்புளைச் சுற்றி எங்கே குத்துவது என்று காட்டி, அவரையே போடவைத்தும் பார்த்தேன். கை நடுங்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற கை.

கடைசியாகத்தான் அது. "சாப்பிடாம ஊசி போட்டுடாதீங்கம்மா, என்ன?" என்றேன். நான் நினைத்துச் சொன்னது, ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் தட்டில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது. "எங்கே, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்கவும் செய்தேன். அவசரத்தில் கேட்காமல் விட்டிருந்தால் பழியை அவசரத்தின்மேல் போட்டிருப்பேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அதுதானே, நோயாளி தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டால் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம். 'சாப்பிடாம' என்பதை 'சோறு உண்ணாம' என்று தன் பேச்சுக்கு மாற்றி அழகாகச் சொன்னார். நானும் நோட்ஸில் 'இன்சுலின் எஜுகேஷன் கிவன், பேஷன்ட் அண்டர்ஸ்டுட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'அண்டர்ஸ்டுட்' மட்டும் கொஞ்சம் கிறுக்கலாக இருந்தது, மூச்சுத் திணறலோடு ஒரு அட்மிஷன் வந்த நேரம் அது.

அவர் என்ன தப்பாகப் புரிந்துகொண்டார் என்று யோசித்தால் ஒன்றுமே தப்பில்லை. சோறு இறங்கவில்லை, அதனால் ஊசி போடவில்லை. நான் சொன்ன வாக்கியத்துக்கு நேர் அர்த்தம் அதுதான். அதோடு, சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், சாப்பிடாவிட்டால் ஏறாது என்பது யாருக்கும் தோன்றுகிற கணக்கு. வயிறு காலியாக இருந்தாலும் காய்ச்சல் வேகத்தில் கல்லீரல் தன் கையிருப்பைத் திறந்து ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் இன்சுலினும் இல்லையென்றால் உடம்பு கொழுப்பைக் கரைத்து அசிட்டோனாக்கும் என்பதையெல்லாம் எந்த டிஸ்சார்ஜ் நேரத்தில் யார் உட்கார்ந்து சொல்கிறோம்?

அவர் கொண்டுவந்த இரண்டாவது குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்க வேண்டும். பாதிக்கு மேலேயே இருந்தது. நாலு நாள் ஊசி அப்படியே உள்ளே கிடந்தது, நான் சொன்னபடி.

சரி, அந்த வாக்கியத்தை ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கே நான் அநியாயம் செய்த மாதிரி.

முன்னாடி நான் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்ன ஆனாலும் ஊசியை ஒரு வேளைகூட விடாதீங்க." அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு தறிக்காரப் பெரியவரை, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கணும், ஒன்றும் சாப்பிடாமல் வாங்க என்றும் சொல்லியிருந்தோம். இரண்டையும் தவறாமல் செய்தார் மனுஷன். விடியற்காலை ஊசி போட்டுக்கொண்டு, பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ் ஏறி வந்து, லேப் வரிசையில் நின்றபடியே வேர்த்துக் கொட்டிச் சரிந்தார். சுகர் 38. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றியதும் கண் திறந்து, "ரத்தம் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார். அதை ரொம்ப நாள் வார்டில் சொல்லிச் சிரித்திருக்கிறோம், நானும்தான்.

அதற்கப்புறம்தான் வாக்கியத்தை மாற்றினேன். சாப்பாடு இல்லாமல் ஊசி கூடாது என்று. சுகர் இறங்கினால் நிமிஷத்தில் ஆளைச் சாய்க்கும், ஏறினால் ஆஸ்பத்திரிக்கு வர அவகாசம் இருக்கும் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவகாசத்தில் ஒருத்தர் எதை நம்பி வீட்டிலேயே படுத்திருப்பார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் வார்த்தையை நம்பித்தான் படுத்திருந்தார்.

"நோட்ஸ்ல எழுதியிருக்கே இல்ல? அப்புறம் என்ன?" என்றார் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கும் அப்போது அது ஆறுதலாகவே இருந்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் நீளமாகப் பேசுகிறேன். காய்ச்சல், வாந்தி, பேதி வந்தால் ஊசியை நீங்களாக நிறுத்தாதீங்க, அதே அளவையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீங்க, கஞ்சித் தண்ணியாவது குடிச்சுக்கிட்டே இருங்க, அன்னிக்கே வந்து சுகர் பாருங்க, எவ்வளவு போடறதுன்னு டாக்டர் சொல்வார். இதோடு, படபடப்பு வந்து வேர்த்தால் மூணு ஸ்பூன் சர்க்கரை, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. பாதியிலேயே எதிரில் இருப்பவரின் பார்வை பஸ் நேரத்துக்குப் போய்விடுவது தெரிகிறது. உடன் வேலை செய்கிற பெண் ஒருநாள், "அக்கா, இத்தனையும் சொன்னா ஒண்ணுமே நிக்காது" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஒரே வரியில் சொன்னால் நிற்கிறது, ஆனால் அந்த ஒரு வரி எந்த நாளைக்குப் பொருந்தாது என்பது அந்த நாள் வந்தால்தான் தெரிகிறது.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது டிஸ்சார்ஜும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. "காய்ச்சல் வந்துருச்சு, சோறு இறங்கலை, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"உங்களுக்குப் போன் போடுவேன் கண்ணு."

நம்பர் கொடுக்கவில்லை. முன்பு ஒருவருக்குக் கொடுத்து, அவர் மூலம் தெருவுக்கே போய், ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் அழைப்பு வந்ததுண்டு. எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன. இன்சுலின் டப்பாவின் மேல் அரசு மருத்துவ ஆலோசனை எண்ணை, 104 என்று மார்க்கரில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கூப்பிட்டா நீங்க பேசுவீங்களா?"

"யாராச்சும் பேசுவாங்கம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு டப்பாவைக் கட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முதல் டிஸ்சார்ஜில் பார்த்த அதே தலையாட்டல்.

இரண்டு குப்பி கொடுத்தனுப்பினேன், ஒரு குப்பி 13 நாள். 26 நாள் போன வாரமே முடிந்துவிட்டது. இன்னும் வரவில்லை. அவர் ஊர்ப் பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அங்கே வாங்கிக்கொண்டிருப்பார்.