அடுத்த மாதம் ஜெர்மன் பேச்சுத் தேர்வு

எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஜெர்மன் பேசிப் பழக ஆள் கிடையாது. அதனால் தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மாவை உட்கார வைத்துப் பேசுகிறேன். காலையில் தோட்டத்தில் உரம் போட்டுவிட்டு வந்த களைப்போடு, ஒரு வார்த்தை புரியாமல், கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். நான் திணறி நின்றால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்!

நான் எழுதுவது கோத்தே நிறுவனம் நடத்தும் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வு. அதில் பேச்சுப் பகுதி இரண்டு பேராகச் செய்வது. தயாராக 15 நிமிடம் தருவார்கள். முதலில் சேர்ந்து ஒரு திட்டம் போட வேண்டும், அப்புறம் ஒரு தலைப்பில் தனியாகப் பேசி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 100க்கு 60 எடுத்தால் பாஸ்.

எனக்குப் பெரிய உதவி தமிழ்தான். 'வைல்' (ஏனென்றால்) என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் வினைச்சொல் வாக்கியக் கடைசிக்குப் போய்விடும், நாம் 'உடம்பு சரியில்லாமல் இருக்கிறேன்' என்று வினையில் முடிக்கிற மாதிரியே, அதனால் அந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் யோசித்தேன், சரியாக வந்துவிட்டது. மேலே இரண்டு புள்ளி வைத்த யு எழுத்துதான் ஒரு வாரம் படுத்தியது. நாக்கை 'ஈ' சொல்வதுபோல் வைத்து, உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவித்தால் வருகிறது.

எழுதி மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். எதிரில் இருப்பவர் வேறு மாதிரி கேட்டால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும்.

ஈப்போ, கோலகங்சார் பக்கம் யாராவது பி1 எழுதுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பேசிப் பழகலாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.